என் மகள் பிறந்த கதையை யார் சொல்வது?

1

என் மகளின் ஐந்தாவது பிறந்த நாளன்று, பாட்டுப் பாடத் தொடங்குவதற்கு முன்பே, கேக்கைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கை தவறவில்லை. பலகையோடு இரண்டு கையாலும் தூக்கி, பலம் கொண்ட மட்டும் அடித்தேன். பச்சையும் சிவப்புமாக அடுக்கிய ரிப்பன் கேக். இங்கே பிறந்த நாள் என்றால் அதுதான். கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, மாமனாரின் படத்தின் மேல் வழிந்து இறங்கியது.

இது நடந்தது கொட்டாஞ்சேனையில், என் கணவர் ஜெரோமின் அம்மா வீட்டு மாடியில். தூத்துக்குடியில் நாம் அத்தை என்று கூப்பிடுகிறவரை இங்கே மாமி என்கிறார்கள், நானும் பழகிவிட்டேன். வந்திருந்த சொந்தமெல்லாம் பட்டிஸ் பலகாரத்தை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டது. "ஜெசி, உனக்கென்ன விசரா?" என்று ஜெரோம் கத்தினார். மாமி எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். நான் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினேன். ஜெரோமின் தங்கை இடையில் விழுந்து பிரித்திருக்காவிட்டால் அன்றைக்கு ஒரு கை முறிந்திருக்கும். யாருடைய கை என்று மட்டும் சொல்ல முடியாது, மாமி வயதானவர் என்றாலும் சளைத்தவர் அல்ல.

என் மகள் நத்தாலி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தலையில் காகிதக் கிரீடம். "பேர்த்டே எப்பா, பேர்த்டே எப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்பா என்றால் சிங்களத்தில் வேண்டாம் என்று அர்த்தம். என் மகளுக்கு அழுகையும் கோபமும் இப்போதெல்லாம் சிங்களத்தில்தான் வருகின்றன.

ஜெசிந்தாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாம் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வதாகத் தங்கை சொன்னாள். கடல் தாண்டினாலும் நம்ம ஊர் வாய்க்கு எட்டாத இடம் இல்லை. அடுத்தவர் சொல்லி ஊரில் நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன். கேக்குக்காக வருத்தப்படுகிறேன், நல்ல கேக். மற்ற எதற்கும் வருத்தம் இல்லை.

ஜெரோம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேக் வெட்டுவதற்கு முன் அந்தோனியாருக்கு ஒரு செபம். பிறகு வீட்டில் மூத்த பெண், அந்தப் பிள்ளை பிறந்த கதையை எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். ஜெரோம் ஊரடங்கு நேரத்தில் மீன் லொறியில் பிறந்தவர். அவருடைய தங்கையை ஆஸ்பத்திரியில் வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, பிறகு சண்டை போட்டு வாங்கினார்கள். எல்லாமே சிரிப்புக் கதை. இந்த வீட்டில் ஒருவரும் வலியோடு பிறந்ததாகச் சரித்திரமே இல்லை.

நத்தாலியின் கதையை மாமி ஒவ்வொரு வருடமும் நடித்தே காட்டுவார். "இவள் இந்தியாக்காரி எண்டு ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிஞ்சிட்டுது, அப்பிடி ஒரு கத்தல். மிஸ்ஸி வாயைப் பொத்த வந்திருக்கிறா. விட்டாளா? கையைக் கவ்விப்போட்டாள்! கடைசியில மிஸ்ஸிக்குத்தான் ஊசி போட்டது." நர்சை இங்கே மிஸ்ஸி என்பார்கள். எல்லோரும் சிரித்து முடிந்ததும் மாமி நத்தாலியின் கன்னத்தைக் கிள்ளுவார். "இந்தக் கள்ளி என்ன செய்தவ? அம்மாவைக் கிழிச்சுக்கொண்டெல்லோ வந்தவ!"

முந்தைய வருடங்களில் நத்தாலியும் சேர்ந்து சிரிப்பாள், விளங்காத வயது. இந்த முறை சிரிக்கவில்லை. "நானா கிழிச்சனான்?" என்று கேட்டாள். "ஓம், நீதான். வேற ஆர்?" என்றார் மாமி. பிள்ளை என் பக்கம் திரும்பினாள். முகம் சுருங்கிப் போயிருந்தது. நாம் சாரி என்பதை இங்கே சொறி என்பார்கள்.

"அம்மா, சொறி" என்றாள்.

அப்போதுதான் கேக் பறந்தது.

2

நான் கொழும்புக்கு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஜெரோமுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. அந்த வேலையாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்தவர் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று அப்பா கேலி செய்வார். மதுரையில் விமானம் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் கொழும்பு. கனடாவில் இருக்கிறவர்கள் எழுதுகிற பனி, குளிர், கோட்டு எதுவும் என்னிடம் இல்லை. அதே வெயில், அதே தமிழ், அதே மீன். இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று எங்கள் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

வெளிநாடுதான் என்பதை வருடா வருடம் குடிவரவு அலுவலகத்தில் நினைவுபடுத்துவார்கள். இவள் என் மனைவிதான், என்னோடுதான் வாழ்கிறாள் என்று ஜெரோம் ஒவ்வொரு வருடமும் பத்தரமுல்லையில் அந்த அலுவலகத்துக்கு வந்து சொன்னால்தான் எனக்கு விசா. சண்டை போட்டுக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கும் வாரத்தில்தான் அந்த நாளும் வரும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அதிகாரிக்காக இரண்டு பேரும் சிரிப்போம்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், நம்ம பேச்சில் சந்து. காலையில் நத்தாலியை மொண்டிசோரிப் பள்ளி வேனில் ஏற்றுகிறேன். கடைக்காரரிடம் சிங்களம், பக்கத்து வீட்டில் இலங்கைத் தமிழ், அம்மாவோடு போனில் நம்ம பேச்சு. வந்த புதிதில் "ஆமா" என்றால் எல்லோரும் சிரித்தார்கள். அதனால் "ஓம்" என்றேன். "பேச" என்பதை விட்டுவிட்டுக் "கதைக்க" ஆரம்பித்தேன். இன்றைக்கு என்னை யாழ்ப்பாணமா என்று கேட்கிறவர்கள்கூட உண்டு. முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம்ம வழக்கம். அம்மா எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கொரோனா வந்து விமான நிலையத்தை இழுத்து மூடினார்கள். வயிறு வளர வளர விமானம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பிரசவத்துக்குச் சில நாட்களுக்கு முன் ஜெரோமின் அலுவலகத்தில் ஒருவருக்குத் தொற்று என்று, துறைமுகத்தில் வேலையாக நின்றவரை அப்படியே ஏற்றித் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து மாமிதான் துணைக்கு வந்து தங்கியிருந்தார். வலி எடுத்ததும் அவர்தான் என்னை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலில் அவரை நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே எடுத்தார்கள்.

3

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இலங்கையைத் திட்டவும் இதை எழுதவில்லை. என் தங்கைக்கு நம்ம ஊரிலேயே இதே மாதிரி நடந்தது, அவள் வாயைத் திறந்ததில்லை. உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். கேட்டுப் பாருங்கள்.

அன்று பகல் முழுக்க வலி. முகத்தில் மாஸ்க். மூச்சு வாங்க முடியாமல் அதைக் கீழே இழுத்தால் ஒரு கை வந்து மேலே இழுத்துவிடும். சுற்றிலும் பிளாஸ்டிக் அங்கி போட்ட ஆட்கள், கண்கள் மட்டும். யார் டொக்டர், யார் மிஸ்ஸி, யார் கூட்டுகிறவர் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் பெயர் சொல்லவும் இல்லை, என் பெயரைக் கேட்கவும் இல்லை. நான் அந்த அறையில் "இந்தியன்".

முக்கு என்றார்கள். முக்கினேன். இது போதாது என்று தொடையில் பளாரென்று ஒரு அடி. அந்த இடத்தில் விரல்கள் பதிந்து, பிறகு நீலமாகி, நான் குளிக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அடி. கத்தினேன். "பிள்ளை உண்டாகேக்க இப்பிடிக் கத்தினியா?" என்று ஒருத்தி தமிழில் கேட்டாள். தமிழில் கேட்டதற்குத்தான் எனக்கு அதிகமாக வயிறு எரிந்தது.

பிறகு ஒருத்தி ஸ்டூலில் ஏறி நின்றாள். முழங்கையை என் விலாவுக்குக் கீழே வைத்து, தன் முழு உடம்பையும் அதன் மேல் போட்டு அமுக்கினாள். விலா எலும்பு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து விரித்தார்கள். மரத்துப் போக ஊசி எதுவும் போடாமல் கத்தரித்தார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. தடித்த துணியை வெட்டும்போது கேட்கிற சத்தம்தான், துணி நானாக இருந்தேன். "வலிக்கி, வலிக்கி, விடுங்க" என்று அலறினேன். ஒரு கை மாஸ்க்கோடு சேர்த்து என் வாயை அழுத்தியது.

ஆமாம், கடித்தேன். மாஸ்க்கோடு சேர்த்துக் கடித்தேன். வாயில் இரத்த ருசி வந்தது. அந்த நாளில் நான் எனக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பிள்ளையின் தலையில் ஒரு கிண்ணத்தை ஒட்ட வைத்து இழுத்தார்கள். ஒரு முறை கழன்று தெறித்தது. மறுபடி ஒட்டி இழுத்தார்கள். நீல நிறமாய் வந்தாள், அழவில்லை. என்னிடம் காட்டாமலே எங்கேயோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நஞ்சுக்கொடி வரவில்லை என்று ஒருவர் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பிய்த்து எடுத்தார். இரத்தம் கட்டிலிலிருந்து தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மின்விசிறிதான் நான் கடைசியாகப் பார்க்கிற பொருள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மாலையில்தான் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். என்னைவிட இவளுக்கு அடி அதிகம் என்று நினைத்தேன். ஆனால் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தாயும் சேயும் நலம் என்று ஜெரோம் குடும்பக் குழுவில் போட்டார். நீங்கள் எல்லோரும் கைகூப்பிய படம் அனுப்பியிருந்தீர்கள்.

4

வீட்டுக்கு வந்த பிறகு மாமி என்னைப் பார்த்துக்கொண்டதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் அம்மியில் அரைத்துச் சரக்குக் கறி வைத்தார். இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரால் இடுப்பில் அடித்து அடித்து ஊற்றினார். அந்த வெந்நீர் முதல் முறை வயிற்றில் விழுந்ததும் நான் செம்பைப் பிடுங்கி எறிந்தேன். குளியலறைக் கண்ணாடி உடைந்தது. "பிள்ளை பெத்த சூடு, இறங்கிடும்" என்றார் மாமி.

இறங்கவில்லை. என் வயிற்றுப் பக்கம் யார் கை வந்தாலும் என் கை முந்திக்கொள்ளும். பல் பிடுங்கப் போன இடத்தில், கையுறை போட்ட கை வாய்க்குள் வந்ததும் டொக்டரை மூக்கில் குத்திவிட்டேன். பாவம், நல்ல மனிதர், காசுகூட வாங்கவில்லை. கதவைச் சாத்தினால் கீல் கழலும். எத்தனை தட்டு உடைந்தது என்று வீட்டில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஜெரோம் இரவில் தெரியாமல் மேலே கை போட்டுவிட்டு உதடு வீங்கி வேலைக்குப் போன நாட்கள் உண்டு. அவர் அலுவலகத்தில் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

மகளின் பிறந்த நாள் நெருங்கினால் இன்னும் மோசம். ஒரு வாரத்துக்கு முன்பே விலா வலிக்கத் தொடங்கும். "எங்கிட்ட வந்து பெத்திருந்தா இப்படி ஆயிருக்குமாட்டி?" என்று அம்மா போனில் அழுவாள். தங்கை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மௌனமாக இருப்பாள். எனக்குப் போனைச் சுவரில் அடிக்கத் தோன்றும். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன்.

5

கேக்குக்குப் பிறகு கொட்டாஞ்சேனையோடு பேச்சு வார்த்தை நின்றது. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நத்தாலிதான் என்னைக் கலங்க வைத்தாள்.

நான் குனிந்து எதையாவது எடுக்கும்போது "அம்மா" என்று முனகினால், "சொறி" என்பாள். தலைவலி என்று படுத்தால் கட்டில் ஓரத்தில் வந்து நிற்பாள், சொறி. வெங்காயம் வெட்டிக் கண்ணீர் வந்தாலும் சொறி. ஒருநாள் என் மடியில் ஏற வந்தவள் பாதியில் நிறுத்தி, "மெதுவா ஏறுறன், கிழிய மாட்டீங்கள்" என்றாள். என் ஐந்து வயதுப் பிள்ளை தான் ஒரு கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு என் வீட்டில் சாப்பிட்டு, விளையாடி, தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடந்தது என்ன என்று நான் சொன்னால் போதும், அது நீ இல்லை என்று. அந்த வாக்கியத்தைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் கை எதையாவது தேடும். அவளுக்கு முன்னால் நான் இன்னொன்றை உடைத்தால் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். எனக்குப் பயமாகிவிட்டது. அதனால்தான் மனநல கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே முதல் மேசையில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகான பிரச்சினையா? ஆமாம். பிள்ளைக்கு எத்தனை மாதம்? ஐந்து வயது. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் தாயை எந்த வரிசையில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தைகள் பக்கம் அனுப்பினார். அங்கே பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். மறுபடி கீழே அனுப்பினார்கள். கடைசியில் நான் அந்த மேசையில் கையால் ஓங்கித் தட்டினேன். உடனே ஒரு வரிசை கிடைத்துவிட்டது.

டொக்டர் ஃபர்ஹானா என்னைவிட இளையவர், கொழும்பு முஸ்லிம் வீட்டுப் பெண். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். "எனக்குச் சரியா நொந்தது. நான் கத்தினனான். அவை ஏசினவை." யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது போல, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சொல்லி முடித்தேன். மூன்று நான்கு தடவை போய்ச் சொன்னேன். அவர் ஒருநாள் கேட்டார்.

"அண்டைக்கு நீங்க கத்தினது இந்தப் பேச்சிலயா?"

"இல்ல. எங்க ஊர்ப் பேச்சுல."

"அப்ப அதிலயே சொல்லுங்க. எனக்கு வெளங்கும்."

"வலிச்சிது" என்று தொடங்கினேன். அதற்கு மேல் எப்படிப் போனது என்று தெரியாது. விடுங்க, கையை எடுங்க, எம்மா எங்க இருக்க என்று அந்த அறையில் கத்தியிருக்கிறேன். மேசையில் குத்தினேன். மேலே போட்டிருந்த கண்ணாடி பாளம் பாளமாக விரிந்தது. வெளியிலிருந்து ஆள் ஓடி வந்தார். டொக்டர் அவரைப் போகச் சொல்லிவிட்டு, "அது பழைய கண்ணாடி. கையக் காட்டுங்க" என்றார்.

பிறகு பல தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூரமாகப் போனது. கோபம் போகவில்லை. ஆனால் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. அதுவரை தட்டு மேல், கதவு மேல், ஜெரோம் மேல் என்று கண்ணில் பட்டதன் மேலெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

6

சில மாதங்கள் கழித்து ஒரு பகலில் மாமி வெள்ளவத்தைக்கு வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். ஆட்டோவிலிருந்து இறங்கி மாடி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு, உட்காராமலே மணிக்கட்டை நீட்டினார்.

"பார். இன்னும் மடக்க ஏலாது. மாமியின்ர கையை முறுக்கின மருமகளை நீ எங்கயாவது கண்டிருக்கிறியா?"

"மருமவள எல்லாரு முன்னாலயும் அறைஞ்ச மாமிய நீங்க கண்டிருக்கியளா?"

"என்ர மனிசன்ர படத்துக்கு மேல கேக் அடிச்சா கொஞ்சுவனா?"

"எம் பிள்ள மேல பழியப் போட்டா நான் கொஞ்சுவனா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து ஃபிளாட்டில் கதவு திறந்தது. நான் எங்கள் கதவை அறைந்து சாத்தினேன். "நீங்க உள்ள இருந்தியளா?" என்று கேட்டேன். "அந்த ரூமுக்குள்ள இருந்தியளா? ஒண்ணையும் பாக்காம வருசா வருசம் என்ன கதை சொல்லுதிய?"

"நான் எப்பிடி உள்ள இருக்கிறது?" மாமி கத்தினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "கேற்றைப் பூட்டி வச்சிருந்தவங்கள்! காலமையில இருந்து மல்லித் தண்ணிப் போத்திலோட நிண்டனான். என்ர மருமகள் உள்ளுக்க, விடுங்கோ எண்டு காலில விழாத குறை. செக்கியூரிட்டிக்காரன் தடியால நெஞ்சில தள்ளினவன். ரோட்டில விழுந்து போத்தில் உடைஞ்சு முழங்கை எல்லாம் ரத்தம். நான் உனக்குச் சொன்னனானா? ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

எனக்குத் தெரியாது. அவருடைய முழங்கையில் ஒரு தழும்பு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

"பொழுதுபட ஒரு அட்டெண்டன் வெளியில வந்தவ. இந்தியாக்காரிப் பிள்ளை எப்பிடி எண்டு கேட்டன். தெரியாது, ஆனா மிஸ்ஸியைக் கடிச்சுப்போட்டா எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. குழந்தை இருக்குதா? தெரியாது. தாய் இருக்குதா? தெரியாது. விடியும் வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான், மகள். கடிச்சவள் எண்டா உசிரோட இருக்கிறாள். அதைத்தான் ஜெரோமுக்குப் போனில சொன்னனான். உன்ர அம்மாவுக்கும் சொன்னனான். அழுதுகொண்டு சொன்னா நீ செத்துப்போனாய் எண்டு நினைப்பினம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனான்."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கடல் பக்கம் ரயில் ஒன்று சத்தமாகப் போனது.

"அது உங்க பயம் மாமி. எனக்கு விளங்குது" என்றேன். "ஆனா அவ கிழிச்சான்னு ஏன் சொன்னிய? அவ அதத் தலையில தூக்கிட்டு அலையுதா."

"பகிடிக்குச் சொன்னது." குரல் இறங்கிவிட்டது. உடனே மறுபடி ஏறியது. "நீ சொல்லியிருக்க வேணும்! தாய் வாயைப் பூட்டிக்கொண்டிருந்தா மற்றவைதான் வாய்க்கு வந்ததைச் சொல்லுவினம். அஞ்சு வருசமா நீ ஒரு சொல்லுச் சொன்னனியா? என்னட்டக்கூட?"

பதிலுக்கு நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வாசலில் நத்தாலி நின்றாள். மொண்டிசோரி வேன் வந்ததைக் கவனிக்கவில்லை. முதுகில் பை, கையில் தண்ணீர்ப் போத்தல். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொறி" என்றாள்.

மாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் அங்கேயே, தரையில், கதவோரமாக உட்கார்ந்தேன். "இங்க வா" என்றேன். "நீ பொறந்த கதைய நான் சொல்லுதேன்."

7

கை தரையைத் தடவி எதையோ தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீங்கிய கையை என் கைக்குள் வைத்தார். நான் அதை இறுக்கிப் பிடித்தேன். வலித்திருக்கும், ஆனால் அவர் இழுக்கவில்லை.

நம்ம பேச்சில்தான் சொன்னேன். நத்தாலி அதைப் போனில் மட்டுமே கேட்டிருக்கிறாள். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஒரு ரூமுக்குள்ள அம்மாவத் தனியா வச்சிருந்தாவ. அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிது. அங்க உள்ளவங்க நல்லாப் பாத்துக்கிடல. அடிச்சாவ."

"அம்மாவுக்கு அடிச்சவையா? எங்க?"

"தொடையில. பெறவு வயித்து மேல அமுக்குனாவ."

"நான் உள்ளுக்க இருக்கேக்கயா?"

"ஆமா. நீ உள்ளதான் இருந்த."

அவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கும் நொந்திருக்கும்."

"வலிச்சிருக்கும். உன் தலையில ஒரு கிண்ணத்த ஒட்டி இழுத்தாவ. இங்க, இவ்வளவு பெரிய வீக்கம். உனக்கும் அடிதான்."

மாமி சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் வாயில் அப்படி ஒன்று வந்ததில்லை. நத்தாலி அவரைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கிழிச்சது?"

"அவுங்க. கத்தரிக்கோல் வச்சு வெட்டுனாவ. நீ இல்ல."

"நான் கொஞ்சமும் இல்லையா?"

"கொஞ்சம் கூட இல்ல."

அவள் யோசித்தாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறவள் போலச் சொன்னாள்.

"அம்மா, நான் ஏன் கெதியா வரேல்ல தெரியுமா?"

"ஏன் சீக்கிரம் வரல?"

"வெளியில ஆக்கள் உங்களுக்கு அடிக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பயம். அதுதான் உள்ளுக்கயே இருந்தனான்."

"பெறவு ஏன் வந்த?"

இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் தனிய எல்லோ."

மாமியின் கையை நான் எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. பிள்ளையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஐந்து வருடமாக ஒருவர் கையும் பட விட்டதில்லை. அவள் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள், மெதுவாக இல்லை. அந்த அறையில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று டொக்டரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி இருந்திருக்கிறாள். வெளியே அடிக்கிறார்கள் என்று தெரிந்தும் என்னிடம் வந்திருக்கிறாள்.